பயிர் தாங்கினால் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கன உலோகங்களைத் தாங்கும் ஆற்றலைப் பயிர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டவுடன், வறட்சியைத் தாங்கும் நெல், உப்புநீரைத் தாங்கும் நெல் என்று நாம் அவ்வப்போது படிக்கும் செய்திகள் நினைவுக்கு வரும். இதுவும் அந்த வரிசையில் ஒன்று என்றுதான் தோன்றும். ஆனால், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வறட்சியைத் தாங்கி விளைந்த நெல்லைச் சமைத்தால் வறட்சி நம் தட்டுக்கு வராது. உலோகத்தைத் தாங்கி விளைந்த நெல்லைச் சமைத்தால், அந்த உலோகம் சோற்றோடு சேர்ந்து தட்டுக்கு வரலாம். ஆகவே, "பயிர் தாங்குகிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. தாங்கிய உலோகத்தைப் பயிர் எங்கே வைத்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். வேரிலா, இலையிலா, மணியிலா?

கன உலோகங்கள் என்றால் எல்லாமே நஞ்சு அல்ல. துத்தநாகம், செம்பு, மாங்கனீசு போன்றவை சிறிதளவு இல்லாவிட்டால் பயிரே வளராது. காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றால் பயிருக்கு எந்தப் பயனும் இல்லை. ஆர்சனிக் முழுமையான உலோகம் இல்லை என்றாலும் அதையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்துப் பேசுவார்கள். எல்லாவற்றையும் பற்றிப் பேசினால் நேரம் போதாது. சோறு சாப்பிடும் நமக்கு மிகவும் நெருக்கமானது காட்மியம். அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜின்சு ஆற்றங்கரையில் நடந்தது

ஜப்பானில் தொயாமா என்ற மாவட்டத்தில் ஜின்சு என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் மேற்பகுதியில், பக்கத்து மாவட்டமான கிஃபுவில், கமியோக்கா சுரங்கம் இருந்தது. அங்கே துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு காட்மியம் ஒட்டிக்கொண்டே வரும். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போனது. வாய்க்கால் நீர் பாயும் இடத்தில் பயிர் கெடுகிறது என்று விவசாயிகள் முறையிட்டதுண்டு. ஆனால், பெருங்கேடு கெட்டுப்போன பயிரிலிருந்து வரவில்லை. நன்றாக விளைந்து, அறுவடையாகி, வீட்டுக்கு வந்த நெல்லிலிருந்து வந்தது.

பல ஆண்டுகள் அந்த அரிசியைச் சாப்பிட்டு, அந்த நீரைக் குடித்தவர்களில், பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு மென்மையாகிப் போனது. நடக்க முடியவில்லை. இருமினாலே எலும்பு முறிந்தவர்கள் இருந்தார்கள். வலி தாங்காமல் அவர்கள் "இத்தாய், இத்தாய்" என்று கதறினார்கள். ஜப்பானிய மொழியில் அதற்கு "வலிக்கிறது, வலிக்கிறது" என்று பொருள். நோய்க்கும் அதுவே பெயராகிவிட்டது.

சத்துக் குறைவுதான் காரணம், கடுமையான வயல் வேலைதான் காரணம் என்றெல்லாம் முதலில் சொன்னார்கள். உள்ளூர் மருத்துவரான நோபொரு ஹகினோ அதோடு விட்டுவிடவில்லை. அவரும் வேளாண் அறிஞர் கினிச்சி யோஷியோக்காவும் 1961-இல் காட்மியத்தைச் சுட்டிக்காட்டினார்கள். 1968-இல் ஜப்பானிய அரசு இதைச் சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1971-இல் மாவட்ட நீதிமன்றத்திலும், 1972-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அதன்பிறகு வயல்களைச் சீர்படுத்தும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. 863 ஹெக்டர் நிலம், 33 ஆண்டுகள், 40 பில்லியன் யென்னுக்கு மேல் செலவு. (அதே கமியோக்கா சுரங்கத்தின் ஆழத்தில்தான் இன்று உலகப் புகழ்பெற்ற நியூட்ரினோ ஆய்வுக்கூடம் இருக்கிறது. நோபல் பரிசுச் செய்தியில் அந்தப் பெயரைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு ஆற்றங்கரைப் பெண்களின் கதை தெரிந்திருக்கும்?)

காட்மியத்தின் கொடுமை அது மெதுவாகச் சேர்வதில் இருக்கிறது. உடலுக்குள் போனால் பெரும்பகுதி சிறுநீரகத்தில் தங்கும். அங்கே சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். சிறுநீரகம் பழுதானால் எலும்புக்கு வேண்டிய சத்துகள் சிறுநீரோடு போய்விடும். உடம்பில் இரும்புச் சத்து குறைவாக இருப்பவர்கள் உணவிலுள்ள காட்மியத்தை அதிகமாக ஈர்த்துக்கொள்வார்கள். பெண்கள் ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

இது நமக்கு எங்கோ தொலைவில் நடந்த பழைய கதை அல்ல. தாய்லாந்தின் தாக் மாநிலத்தில் மே சொட் வட்டாரத்தில், துத்தநாகச் சுரங்கத்துக்குக் கீழே இருந்த வயல்களில் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆய்வு நடந்தபோது, எடுத்த அரிசி மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவை வரம்பைத் தாண்டியிருந்தன. அங்கே விவசாயிகள் நெல்லை விட்டுக் கரும்புக்கு மாற ஊக்குவிக்கப்பட்டார்கள். சீனாவில் 2013-இல் குவாங்சௌ நகர அதிகாரிகள் சோதித்த 18 அரிசி மாதிரிகளில் 8-இல் காட்மியம் வரம்பை மீறியிருந்தது பெரிய பரபரப்பானது.

செடிக்குள் எப்படிப் போகிறது?

வேரின் உயிரணுக்களைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் புரதத்தாலான சிறு சிறு கதவுகள் உள்ளன. மண்ணிலிருந்து மாங்கனீசை உள்ளே விட ஒரு கதவு, இரும்புக்கு ஒரு கதவு, துத்தநாகத்துக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்மியத்துக்கென்று தனிக் கதவு எந்தப் பயிரிலும் இல்லை. அது வேண்டாத விருந்தாளி. ஆனால், வேண்டியவர்களைப் போலவே தோற்றம். துத்தநாகத்துக்கு அது மிக நெருங்கிய உறவு. காவலாளி ஆள் அடையாளம் தெரியாமல் உள்ளே விட்டுவிடுகிறார்.

நெல்லில் இந்தத் தவறைச் செய்யும் முக்கியக் கதவு எது என்பதை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாங்கனீசை உள்ளே கொண்டுவரும் கதவுதான் அது. அதன் மரபணுவுக்கு என்ராம்ப்-5 என்று பெயர்.

உள்ளே வந்த பிறகு செடி சும்மா இருப்பதில்லை. குளுட்டாத்தியோன் என்ற பொருளைக் கோத்து, கந்தகம் நிறைந்த சிறு சங்கிலிகளைச் செய்கிறது. அவை காட்மியத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலிகளை 1985-இல் ஜெர்மனியில் கண்டறிந்து ஃபைட்டோகெலாட்டின் என்று பெயரிட்டார்கள். கட்டிப்போட்ட காட்மியத்தைச் செடி உயிரணுவுக்குள் இருக்கும் நீர்ப்பையில் தள்ளிப் பூட்டிவிடும். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துப் பானையில் போட்டு மூடுவதைப் போல.

தாங்கும் ஆற்றல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்தப் பானை எந்த அறையில் இருக்கிறது என்பதில்தான் நம் கதை அடங்கியிருக்கிறது. வேரில் இருந்தால் நமக்குக் கவலை இல்லை. வேரை நாம் உண்பதில்லை. புகையிலைச் செடியைப் பாருங்கள். காட்மியத்தை வேரில் நிறுத்தாமல் இலைக்கு அனுப்பி, அங்கே பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டு பச்சைப் பசேலென்று நிற்கும். செடிக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இலையைப் புகைப்பவருக்குத்தான் வினை. புகைபிடிப்பவர்களின் உடம்பில் காட்மியம் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நெல்லிலும் இதே ஆபத்து உண்டு. மணியில் காட்மியம் வரம்பைத் தாண்டிய பிறகும் இலை மஞ்சளாகாமல், விளைச்சல் குறையாமல் பயிர் நிற்க முடியும். வயலைப் பார்த்து விவசாயியால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட பயிருக்கு நாம் இன்னும் தாங்கும் ஆற்றலைக் கொடுத்து, உலோகம் மணிக்குப் போவதை மட்டும் கவனிக்காமல் விட்டால், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்த மாதிரி ஆகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் "செடி உயரம் கூடியது, பசுமை கூடியது" என்ற முடிவுகளைப் படிக்கும்போது, மணியில் எவ்வளவு இருந்தது என்ற எண்ணை முதலில் தேடுவது நல்லது.

வயலில் செய்யக்கூடியவை

முதலாவது சுண்ணாம்பு. புளிப்பு மண்ணில் காட்மியம் கரைந்து வேருக்கு எளிதில் கிடைக்கும். சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைத்தால் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மலிவான வழி; ஆனால் ஒரு முறை போட்டால் போதாது, மண் மறுபடி புளிக்கும். துத்தநாகம் குறைவான மண்ணில் துத்தநாக உரம் இட்டால், அது காட்மியத்தோடு போட்டி போட்டுத் தடுக்கும். மக்கிய உரமும் உயிர்க்கரியும் உலோகத்தைப் பிடித்துவைக்கும் என்றாலும், மண்ணுக்கு மண் பலன் மாறுகிறது. பாஸ்பேட் உரத்திலேயே காட்மியம் சிறிதளவு இருப்பதையும் மறக்கக்கூடாது. எந்த நாட்டுப் பாறையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் இதற்கு வரம்பு விதித்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட வலிமையானது தண்ணீர். வயலில் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். நீரை வடித்தால் காற்றுப் பட்டு மறுபடி கரையும். எனவே ஜப்பானில், கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும் வயலில் நீர் நிற்கட்டும் என்று விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். மணிக்குள் காட்மியம் போகும் காலம் அது.

இதோடு முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் ஆர்சனிக் நேர் எதிரானது. நீர் நின்றால்தான் ஆர்சனிக் கரைந்து வெளியே வரும். அப்போது அது சிலிக்கன் போகும் கதவு வழியாக நெல்லுக்குள் புகுந்துவிடும். காட்மியத்துக்குப் பயந்து நீரை நிறுத்தினால் ஆர்சனிக் ஏறுகிறது. ஆர்சனிக்குக்குப் பயந்து நீரை வடித்தால் காட்மியம் ஏறுகிறது. இன்று நீரைச் சேமிக்கவும் மீத்தேன் வாயுவைக் குறைக்கவும் வயலை மாறி மாறி நனைத்துக் காயவிடும் முறையைப் பல நாடுகள் பரப்பி வருகின்றன. நல்ல முறைதான். ஆனால், காட்மியம் உள்ள மண்ணில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. மண்ணைச் சோதித்த பிறகு செய்வதே முறை.

விதையை மாற்றுவது

இங்கேதான் அறிவியல் பெரிய அடி எடுத்து வைத்திருக்கிறது. ஜப்பானியர்கள் விரும்பி உண்ணும் கோஷிஹிக்காரி நெல்லின் விதைகள் மீது ஆய்வாளர்கள் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சினார்கள். அவற்றிலிருந்து முளைத்த ஆயிரக்கணக்கான செடிகளைச் சலித்து, காட்மியம் எடுக்காத மூன்றைக் கண்டெடுத்தார்கள். நான் சொன்ன என்ராம்ப்-5 கதவு அவற்றில் பழுதாகியிருந்தது. சாதாரண கோஷிஹிக்காரி கிலோவுக்குச் சராசரி 1.73 மில்லிகிராம் காட்மியத்தை மணியில் சேர்த்த மண்ணில், இந்தச் செடிகளின் மணியில் 0.05 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. விளைச்சலும் சுவையும் பெரிதாக மாறவில்லை.

பழைய சுரங்கங்கள் நிறைந்த அக்கித்தா மாவட்டம், இந்தப் பண்பைத் தன்னுடைய அக்கித்தாகொமாச்சி நெல்லுக்குள் திரும்பத் திரும்பக் கலப்பு செய்து கொண்டுவந்து, 2025-இல் விதையை மாற்றியது. "கதிர்வீச்சு அரிசி வேண்டாம்" என்று எதிர்ப்பும் கிளம்பியது. கற்றை பட்டது பல தலைமுறைகளுக்கு முந்தைய விதை மீது. அதனால் நம் தட்டில் விழும் சோற்றில் கதிரியக்கம் இருக்காது. அதே சமயம், எந்த விதை எங்கே விளைந்தது என்று தெரிந்து வாங்க விரும்பும் உரிமை மக்களுக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். பையில் தெளிவாக எழுதுவதால் யாருக்கும் நட்டம் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பூட்டியது மாங்கனீசுக் கதவு அல்லவா? மாங்கனீசு குறைந்த மண்ணில் இந்த நெல்லுக்குப் பழுப்புப் புள்ளி நோய் எளிதில் வரும். ஆகவே, எல்லா வயலுக்கும் பொருந்தும் மருந்து இது என்று சொல்ல முடியாது.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழி, வியப்பாக, தென்னிந்தியாவிலிருந்து கிடைத்திருக்கிறது. கேரளக் கடலோரத்தில் உப்புநீர் ஏறும் வயல்களில் காலங்காலமாக விளைவது பொக்காளி நெல். ஒக்காயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா குழுவினர் உலகெங்குமிருந்து 132 நெல் வகைகளை ஒப்பிட்டுப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மணியில் காட்மியத்தை மிகக் குறைவாகச் சேர்த்தது பொக்காளி. காரணம் என்ன தெரியுமா? அதே என்ராம்ப்-5 மரபணு அதில் இரட்டித்து இருக்கிறது! கதவு இரண்டானால் காட்மியம் இரண்டு மடங்கு அல்லவா வரவேண்டும்? வேருக்குள் வருவது கூடத்தான் செய்கிறது. ஆனால் மாங்கனீசும் ஏராளமாக வந்துவிடுவதால், வேரிலிருந்து தண்டுக்கு ஏறும் வழியில் அது காட்மியத்தை முந்திக்கொள்கிறது. காட்மியம் வேரிலேயே நின்றுவிடுகிறது. இந்தப் பண்பைக் கோஷிஹிக்காரிக்குள் கலப்பு செய்து பார்த்தார்கள்; விளைச்சலும் தரமும் குறையாமல் காட்மியம் குறைந்தது. கதவைப் பூட்டுவதைவிட இது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. செடிக்கு வேண்டியதைப் பறிக்காமல் காரியம் நடக்கிறது.

காட்மியத்தை அதிகமாக எடுக்கும் நெல் வகைகளும் உண்டு. வேரின் நீர்ப்பையில் காட்மியத்தைப் பூட்டும் மரபணு அவற்றில் பழுதாகியிருக்கும். உலோகம் தடையின்றி மேலே ஏறிவிடும். அவற்றை உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஆனால், ஜப்பானியர்கள் அவற்றுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். சோக்கோகொக்கு என்ற வகையை இரண்டு ஆண்டுகள் அசுத்த வயலில் வளர்த்து, நீரை வடித்துவிட்டு, அறுத்து அப்புறப்படுத்தினார்கள். மண்ணிலிருந்த காட்மியம் 38 விழுக்காடு குறைந்தது. பிறகு அங்கே விளைந்த உணவு நெல்லின் மணியில் 47 விழுக்காடு குறைந்தது. வேறு மண் கொண்டுவந்து கொட்டுவதைவிட இது எவ்வளவோ மலிவு.

கருத்தரங்கின் முடிவில் வந்த வினாக்களில் இரண்டு

கடையில் வாங்கும் அரிசிக்கு வரம்பு இருக்கிறதே, பிறகு ஏன் கவலை என்று ஒருவர் கேட்டார். அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சீனாவில் 0.2. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-இல் சொன்ன அளவின்படி, 60 கிலோ எடையுள்ளவர் மாதத்துக்கு 1,500 மைக்ரோகிராம் காட்மியம் வரை உட்கொள்ளலாம். அரிசியில் சரியாக 0.4 மில்லிகிராம் இருந்தால், மாதம் 3.75 கிலோ அரிசியிலேயே அந்த அளவு நிரம்பிவிடும். நாளுக்கு 125 கிராம். அரிசிக் குக்கரோடு தரும் குவளையில் ஒரு குவளைக்கும் குறைவு. கடைக்கு வரும் அரிசியில் பெரும்பாலும் இந்த வரம்பைவிட மிகக் குறைவாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால், மூன்று வேளையும் அரிசி உண்ணும் மக்களுக்கு, "வரம்புக்குள் இருக்கிறது" என்ற பதில் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். அரிசியைக் கழுவுவதாலும் தீட்டுவதாலும் காட்மியம் பெரிதாகப் போய்விடாது. அது மணியின் உள்ளே இருக்கிறது. விதையிலும் வயலிலும்தான் தடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் கீரை போடும் ஓர் அம்மா, தன் நிலத்தில் முன்பு பட்டறை இருந்தது, பழைய மின்கலங்களைக் குவித்து வைத்திருந்தார்கள், அங்கே பயிரிடலாமா என்று கேட்டார். காய்களைவிடக் கீரைகள்தான் காட்மியத்தை அதிகமாக எடுக்கும். மின்கலம் என்றால் ஈயமும் இருக்கக்கூடும். அது மண்துகளோடு இலையில் ஒட்டும். ஆகவே, மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் அந்த இடத்தில் நேரடியாக எதையும் போடாதீர்கள், அம்மா. சோதனையில் அளவு குறைவாக இருந்தால் சுண்ணாம்பும் மக்கிய உரமும் கலந்து பயற்றங்காய், வெண்டை போன்றவற்றைப் போடலாம். கீரைதான் வேண்டும் என்றால், வெளியிலிருந்து நல்ல மண் வாங்கி, அடியில் பழைய மண் படாதபடி உயரமான தொட்டியில் போடுங்கள்.